ராக்கெட் ஃபெயில், வாத்தியாருக்கு மெமோ

அமெரிக்காவின் முதல் அணுகுண்டுத் தடுப்புச் சாதனம் எது தெரியுமா? ரேடாரா? லேசரா? எதிர் ஏவுகணையா? ம்ஹூம். ஸ்கூல் டெஸ்க். அதை ஆபரேட் செய்தவர், மூன்றாம் வகுப்பு டீச்சர்.

சிரிக்காதீர்கள், அரசாங்க ஏற்பாடு. 1952-ல் பள்ளிக்கூடங்களில் ஓட ஆரம்பித்த ஒன்பது நிமிஷப் படம் ஒன்று. ஹீரோ, பெர்ட் என்கிற ஆமை. ஆபத்து என்றால் பெர்ட் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு ஓடு இல்லையே? அதனால் டீச்சர் குரல் கொடுத்ததும் டெஸ்க்குக்கு அடியில் நுழைந்து, பிடரியைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். மேலே வெடிக்கப்போவது ஒரு ஊரையே ஊதித்தள்ளும் குண்டு. குறுக்கே நிற்கப்போவது ஒரு மரப்பலகை. நியூயார்க்கில் கூடுதல் முன்னெச்சரிக்கையாக, பிள்ளைகளுக்குப் பெயர் பொறித்த உலோகத் தகடு கொடுத்தார்கள், ராணுவச் சிப்பாய்கள் கழுத்தில் கிடக்குமே, அது மாதிரி. பலகையின் மேல் அவர்களுக்கே அவ்வளவு நம்பிக்கை!

இந்தக் கதையில் இரண்டு கோஷ்டிகள். ஒன்று, வருகிற ஏவுகணையை வானத்திலேயே அடித்து நொறுக்குகிறேன் என்று தலைமுறை தலைமுறையாக வாக்குக் கொடுக்கும் கோஷ்டி. இன்னொன்று, டீச்சர்கள். முதல் கோஷ்டி கோட்டை விடும். மெமோ இரண்டாவது கோஷ்டிக்குப் போகும். முக்கால் நூற்றாண்டாக இந்த ஃபைல் இப்படித்தான் நகர்கிறது.

இரண்டு பக்கமும் கால் வைத்திருந்த ஒரு பெரிய மனிதரை முதலில் பார்த்துவிடுவோம். ஜெரால்ட் சக்கரியாஸ், எம்.ஐ.டி.யில் இயற்பியல் பேராசிரியர். போர்க்காலத்தில் ரேடார், பிறகு லாஸ் அலமோஸில் அணுகுண்டு, பிறகு அணுக் கடிகாரம். கோடை லீவில் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. விஞ்ஞானிகளைக் கூட்டி வைத்து, நாட்டைக் காப்பாற்ற ஐடியா கேட்பார். 1952 கோடையில் அப்படி உட்கார்ந்து எழுந்தபோது பிறந்ததுதான், அலாஸ்காவிலிருந்து கனடாவின் கிழக்கு ஓரம் வரை பனிக்காட்டுக்குக் குறுக்கே ஒரு ரேடார் வேலி. ரஷ்யாவின் குண்டுவீச்சு விமானம் வடதுருவம் வழியாக எட்டிப் பார்த்தாலே மணி அடித்துவிடும்.

வேலி 1957 கோடையில் ரெடி. அதே வருஷம் அக்டோபர் 4-ம் தேதி ரஷ்யா ஸ்புட்னிக்கை விட்டது. 83.6 கிலோ எடை, 58 சென்டிமீட்டர் உருண்டை, அமெரிக்காவின் தலைக்கு மேலே ‘பீப் பீப்’ என்று சுற்ற ஆரம்பித்தது. அதைத் தூக்கிப்போன ராக்கெட்டால் ஒரு குண்டையும் தூக்க முடியும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. வாசலில் இரும்பு கேட், வாட்ச்மேன், நாய் எல்லாம் போட்டு முடித்த அன்றைக்கு, கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்கியவன் குட்மார்னிங் சொன்ன கதை.

பீதி என்றால் அப்படி ஒரு பீதி. ஹைட்ரஜன் குண்டுப் புகழ் எட்வர்ட் டெல்லர், பேர்ல் ஹார்பரைவிடப் பெரிய தோல்வி இது என்று டி.வி.யில் வந்து முழங்கினார். (இவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை முடிவதற்குள் இன்னொரு ரவுண்டு வருவார்.) பதிலடி கொடுக்க டிசம்பர் 6-ம் தேதி அமெரிக்கா தன் வான்கார்டு ராக்கெட்டை, டி.வி. கேமராக்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, ஏவியது. நாலடி எழும்பியது. யோசித்தது. அப்படியே உட்கார்ந்து வெடித்தது. உச்சியிலிருந்த குட்டி சாட்டிலைட் மட்டும் தெறித்து விழுந்து, தரையில் கிடந்தபடியே கடமை தவறாமல் ‘பீப் பீப்’ என்று சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது. பத்திரிகைகள் ‘ஃப்ளாப்னிக்’ என்று பெயர் சூட்டின.

சரி, விசாரணை. குற்றவாளி யார்? ராக்கெட் இன்ஜினீயர்களா? ராணுவத்தின் ராக்கெட் நிபுணர் வெர்னர் ஃபான் பிரவுன் 1956-லேயே இதற்கான ராக்கெட்டைக் கிட்டத்தட்டத் தயாராக வைத்திருந்தார். ‘உன்னுடையது வேண்டாம், கடற்படை செய்யும்’ என்று தடுத்தது வாஷிங்டன். ஆக, தப்பு மேலிடத்தில். அப்படி ஒரு முடிவுக்கு வர எந்த நாட்டு மேலிடம்தான் சம்மதிக்கும்? தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்: பள்ளிக்கூடம் சரியில்லை!

1958 மார்ச்சில் ‘லைஃப்’ பத்திரிகை கல்வி நெருக்கடி என்று அட்டைப்படத் தொடரே போட்டது. மாஸ்கோவில் ஒரு பதினாறு வயதுப் பையன், சிகாகோவில் ஒரு பதினாறு வயதுப் பையன். மாஸ்கோ பையன் ஆய்வகத்தில் முகத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். சிகாகோ பையன் கரும்பலகை முன்னால் கணக்குத் தெரியாமல் சிரிக்கிறான், சாயங்காலம் டான்ஸ் ஆடுகிறான். போச்சு, நாடு போச்சு! இப்படி ஒரு தேசத்தின் வீழ்ச்சிக்கே மாடலாக நிறுத்தப்பட்ட அந்த சிகாகோ பையன், பிற்காலத்தில் ஜெட் விமானம் ஓட்டும் பைலட் ஆனார்.

உடனே சட்டம். 1958 செப்டம்பர் 2-ம் தேதி ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டார். பெயர், தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். நாலு வருஷத்துக்குச் சுமார் 100 கோடி டாலர். பள்ளிக்கூடத்துக்கு என்று கேட்டால் பர்ஸைத் திறக்காத காங்கிரஸ், ‘பாதுகாப்பு’ என்ற வார்த்தையைத் தலைப்பில் பார்த்ததும் திறந்துவிட்டது. கூடவே ஒரு நிபந்தனை. கல்விக் கடன் வாங்குகிற மாணவர், பலாத்காரத்தால் இந்த அரசாங்கத்தைக் கவிழ்க்கும் கொள்கையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஹார்வர்டும் யேலும் கோபித்துக்கொண்டு திட்டத்தை விட்டே விலகின. 1962-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அதுவரை, நிஜமாகவே கவிழ்க்க நினைத்த ஆசாமி இருந்திருந்தால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

இப்போது நம்ம சக்கரியாஸ் மறுபடி மேடையேறுகிறார். ஸ்புட்னிக்குக்கு ஒரு வருஷம் முந்தியே, 1956-ல், பள்ளி இயற்பியலை அடியோடு மாற்றுகிறேன் என்று அவர் ஒரு கமிட்டி ஆரம்பித்திருந்தார். முதலில் அவருக்கு இருந்த ஐடியா ரொம்ப சிம்பிள். நாட்டின் தலைசிறந்த இயற்பியலாளர்களைப் பிடித்து இருபது இருபது நிமிஷப் படங்களாக எடுத்துவிடுவது. வகுப்பில் புரொஜெக்டரை ஓட்டுவது. இன்றைக்கு யூடியூப் சானல் ஆரம்பிக்கிறவர் மாதிரியே. அந்தக் காலப் பாடத்திட்ட மேதைகள் மத்தியில் ஒரு லட்சியமே உலவியது: வாட்டர்ப்ரூஃப் மாதிரி டீச்சர்ப்ரூஃப். அதாவது வகுப்பில் எந்த டீச்சர் நின்றாலும் பாடம் கெட்டுப்போகாது. வாட்ச்சுக்குள் தண்ணீர் புகாத மாதிரி பாடத்துக்குள் டீச்சர் புக முடியாது.

படங்கள் ஒன்றும் மட்டமில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஹ்யூம், ஐவி என்ற இரண்டு பேராசிரியர்கள் நடித்த ஒன்றை இன்றும் பார்க்கலாம். ஒருவர் தலைகீழாகத் தெரிவார். அப்புறம்தான் உண்மையில் தலைகீழாக இருப்பது யார் என்பது புரியும். சார்பு இயக்கத்தை அதைவிட அழகாக யாரும் விளக்கவில்லை. ஆனால் ஒரு சிக்கல். படம் முடிந்து லைட் போட்டதும் பின்பெஞ்சிலிருந்து ஒரு கை தூக்கும்: “அப்போ பூமியும் சுத்துதே, நமக்கு ஏன் தெரியலை?” அதற்குப் பதில் சொல்ல புரொஜெக்டருக்கு வாய் கிடையாது.

ஆகவே, வேறு வழியில்லாமல், டீச்சர்களைக் கூப்பிட்டார்கள். கோடைப் பயிலரங்கம் என்று பெயர். வாத்தியார்கள் கல்லூரி ஆய்வகங்களில் கூடினார்கள். கூல்டிரிங்க் ஸ்ட்ராவில் ஊசியைக் குத்தி, ஒரு தலைமுடியின் எடையை அளக்கிற தராசு செய்தார்கள். வீட்டுக் காலிங்பெல்லின் சுத்தியலை எடுத்துக் காகித நாடாவில் புள்ளி குத்த வைத்து, அதிலிருந்து முடுக்கம் கண்டுபிடித்தார்கள். இந்தப் பாடம் பிள்ளைகளுக்கு ஏறவில்லை, இந்தப் பரிசோதனை முக்கால் மணி நேரத்துக்குள் முடியாது என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். விஞ்ஞானிகளும் திருத்தி எழுதினார்கள். டீச்சர் புகாத பாடம் செய்யக் கிளம்பியவர்களின் புத்தகத்தை, டீச்சர்கள் புகுந்துதான் ஒப்பேற்றினார்கள்!

எல்லாம் லீவு முடிகிற வரைதான். செப்டம்பரில் வாத்தியார் ஊர் திரும்புவார். அந்தப் பள்ளியிலேயே ஒரே ஒரு இயற்பியல் வாத்தியார் அவர். கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்துவார். பக்கத்து வகுப்பில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இவர் வகுப்பில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டான் லார்ட்டி என்ற சமூகவியல் அறிஞர் 1975-ல் எழுதிய புத்தகத்தில் அமெரிக்கப் பள்ளியை முட்டை அடுக்கும் தட்டு என்றார். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு குழி. ஒன்றோடொன்று மோதக் கூடாது.

இதெல்லாம் கீழே. மேலே, வானத்துக் கோஷ்டி என்ன செய்துகொண்டிருந்தது? நிலாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

கிரீன்லாந்தின் தூலே தளத்தில் புத்தம்புது ஏவுகணை எச்சரிக்கை ரேடார். 1960 அக்டோபர் 5-ம் தேதி அது அலறியது: ரஷ்ய ஏவுகணைகள் வருகின்றன, நிச்சயம் 99.9 சதவீதம்! தலைமையகத்தில் எல்லோருக்கும் வியர்த்துவிட்டது. அப்போது பணியிலிருந்த கனடா நாட்டு விமானப்படை அதிகாரி ஒருவர் மட்டும் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். “குருஷேவ் இப்போ எங்கே இருக்கார்?” அந்த ரஷ்யத் தலைவர் அப்போது நியூயார்க்கில், ஐ.நா. கூட்டத்தில். தன் தலையிலேயே குண்டு போட்டுக்கொள்ள எந்தத் தலைவரும் ஏற்பாடு செய்ய மாட்டார் என்று மூச்சு விட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, நார்வேக்கு மேலே நிலா உதித்திருக்கிறது. கோடிக்கணக்கான டாலர் செலவில் செய்த அந்த சிஸ்டத்துக்கு, வானத்தில் நிலா என்று ஒன்று உண்டு என யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரத் தெரிந்தவர்கள் ஒன்றாம் வகுப்பில் பிஸியாக இருந்தார்கள்.

அடுத்த காட்சியின் நாயகர் ராபர்ட் மெக்னமாரா, பாதுகாப்பு அமைச்சர். ஃபோர்டு கம்பெனித் தலைவராக இருந்து வந்தவர், எண்களின் அரசர். 1967 ஜனவரியில் அவர் ஜனாதிபதி ஜான்சன் முன்னால், அதுவரை வெள்ளை மாளிகைக்கு அறிவியல் ஆலோசகர்களாக இருந்தவர்களையெல்லாம் வரிசையாக உட்கார வைத்தார். ரஷ்யத் தாக்குதலை எதிர் ஏவுகணையால் தடுக்க முடியுமா? முடியாது, முடியாது, முடியாது. வகுப்பே ஒரே பதில். ஆனால் அடுத்த வருஷம் தேர்தல். ‘ரஷ்யாவிடம் இருக்கிறது, உன்னிடம் இல்லையே’ என்று எதிர்க்கட்சி மைக் பிடிக்கத் தயாராக இருந்தது.

செப்டம்பர் 18-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் மெக்னமாரா பேசினார். உலக அரசியல் வரலாற்றில் இப்படி ஒரு உரை அபூர்வம். எதிர் ஏவுகணை ஏன் உதவாது, ஏன் ஆபத்து, நாம் ஒன்று கட்டினால் எதிரி ஏன் இரண்டு குண்டு கூடுதலாகச் செய்வான் என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேய்ந்தார். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் தண்ணீர் குடித்த மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: ஆகவே ஒன்று கட்டப்போகிறோம். ரஷ்யாவுக்காக இல்லை, சீனாவுக்காக. சின்னதாக!

கட்ட இடம் பார்த்தார்கள். பாஸ்டன், சிகாகோ, சியாட்டில் போன்ற நகரங்களின் ஓரம். தங்களைக் காப்பாற்றத்தானே வருகிறார்கள் என்று ஜனங்கள் ஆரத்தி எடுத்திருக்க வேண்டும். விவரம் கேட்டார்கள். வருகிற குண்டை வானத்தில் பொசுக்க நாம் விடும் ஸ்பார்ட்டன் ஏவுகணையின் தலையிலும் ஒரு ஹைட்ரஜன் குண்டு. ஐந்து மெகாடன், ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல 300 மடங்குக்கு மேல். அதை எங்கே வைப்பீர்கள்? உங்கள் வீட்டுக்குப் பின்னால். அவ்வளவுதான்; ரஷ்யாவை எதிர்த்து ஒரு நாளும் தெருவுக்கு வராத புறநகர்க் குடும்பஸ்தர்கள் சொந்த ராணுவத்தை எதிர்த்து ஹால் நிறையக் கூடிவிட்டார்கள்.

1969-ல் நிக்சன் வந்தார். மக்கள் வேண்டாம் என்கிறார்களா? பேஷ், மக்களைக் காப்பாற்ற வேண்டாம். நம்முடைய ஏவுகணைகளைக் காப்பாற்றுவோம் என்று பெயரை மாற்றி, வடக்கு டகோட்டாவின் கோதுமை வயல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். செனட்டில் ஓட்டு 50-க்கு 50. துணை ஜனாதிபதி ஆக்னியூ தன் ஓட்டைப் போட்டுக் காப்பாற்றினார். நெக்கோமா என்ற குக்கிராமத்தில் எகிப்தியர்களே பொறாமைப்படும்படி ஒரு கான்கிரீட் பிரமிடு எழுந்தது, அதுதான் ரேடார். சுற்றிலும் 100 எதிர் ஏவுகணைகள். மொத்தச் செலவு சுமார் 600 கோடி டாலர். 1975 அக்டோபர் 1-ம் தேதி முழுமையாக இயங்கத் தொடங்கியது. அக்டோபர் 2-ம் தேதி, மூடிவிடலாம் என்று பிரதிநிதிகள் சபை ஓட்டுப் போட்டது.

அந்த பிரமிடு 2012-ல் ஏலத்துக்கு வந்தது. 5,30,000 டாலருக்கு எடுத்தவர்கள் ஹட்டரைட்டுகள் என்ற கிறிஸ்தவ விவசாயச் சமூகத்தார். அவர்களின் ஆதாரக் கொள்கை, எந்தக் காலத்திலும் ஆயுதத்தைத் தொடுவதில்லை என்பது.

இனி ரீகன். இவரைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் பிரியம் வந்துவிடும். தான் சொல்வதை மனதார நம்பிய மனுஷன். 1940-ல் ‘மர்டர் இன் தி ஏர்’ என்ற படத்தில் ஹீரோ. எதிரி விமானத்தின் இன்ஜினை நடுவானில் நிறுத்தும் ஒரு ரகசியக் கதிர்க் கருவியைக் காப்பாற்றும் உளவாளி வேடம். 43 வருஷம் கழித்து, 1983 மார்ச் 23-ம் தேதி, ஜனாதிபதியாக டி.வி.யில் தோன்றி, அணு ஏவுகணைகளைச் செல்லாக்காசு ஆக்கும் கருவியைக் கண்டுபிடியுங்கள் என்று விஞ்ஞானிகளைக் கேட்டுக்கொண்டார். மறுநாளே எதிர்க்கட்சிக்காரர்கள் இதற்கு ‘ஸ்டார் வார்ஸ்’ என்று சினிமாப் பெயர் வைத்தார்கள். அவர்கள் கிண்டல் செய்தார்கள். பெயர் என்னவோ பொருத்தம்தான்.

ஐந்து வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 26-ம் தேதி வெள்ளை மாளிகையில் இன்னொரு வெடி. ‘ஆபத்தில் ஒரு தேசம்’ என்ற கல்வி அறிக்கை. நம் பள்ளிக்கூடங்களின் இன்றைய நிலையை ஒரு எதிரி நாடு நம் மீது திணித்திருந்தால் அதைப் போர் என்றே எடுத்துக்கொண்டிருப்போம், நமக்கு நாமே ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டோம் என்று ஆரம்பமே அதிரடி. கமிட்டியில் ஒரு உறுப்பினர் க்ளென் சீபோர்க், புளுட்டோனியம் கண்டுபிடித்த நோபல் மேதை. அணுகுண்டுக்கு மருந்து கொடுத்தவரே வகுப்பறையைப் பார்த்து பயந்துவிட்டார் என்றால் பாருங்கள்!

வெளியீட்டு விழாவில் ரீகன், பள்ளியில் பிரார்த்தனை, பெற்றோருக்கு வரிச்சலுகை என்று தன் பழைய ஆசைகளுக்கெல்லாம் ஆதரவு கொடுத்ததற்காகக் கமிட்டிக்கு நன்றி சொன்னார். அறிக்கையில் அதெல்லாம் ஒரு வரிகூட இல்லை. எழுதியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புத்தக விமர்சனம் எழுதும் நண்பர்கள் இந்த முறையை ரீகனுக்கு முன்பிருந்தே கடைப்பிடித்து வருகிறார்கள் என்பதால் இதைப் பெரிசுபடுத்த வேண்டாம்.

ஆக 1983 வசந்தத்தில் இரண்டு அசைன்மென்ட். விஞ்ஞானிகளுக்கு: இல்லாத ஒன்றைச் செய். டீச்சர்களுக்கு: இருப்பதைச் சரி செய். யார் எப்படி எழுதினார்கள் என்று விடைத்தாளைப் பார்ப்போமா?

டெல்லர் வந்துவிட்டார். கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் அவருடைய சீடர்கள் எக்ஸ்ரே லேசர் என்று ஒன்றில் இறங்கியிருந்தார்கள். விண்வெளியில் ஒரு அணுகுண்டை வெடித்து, அது தானும் சாவதற்குள் வெளிப்படும் கதிர்களைத் திரட்டி, எதிரி ஏவுகணைகளை வீழ்த்துவது. அணு ஆயுதத்தை ஒழிக்க ஒரு அணு ஆயுதம்; அதை விடுங்கள். 1983 டிசம்பரில் டெல்லர் வெள்ளை மாளிகைக்குக் கடிதம் எழுதினார்: ஆராய்ச்சி முடிந்து, இன்ஜினீயரிங் கட்டத்துக்கே வந்துவிட்டோம்! ஆயுதப் பிரிவுக்குத் தலைவரான ராய் உட்ரஃப் பதறிப்போனார். அவ்வளவெல்லாம் இல்லை என்று ஒரு திருத்தக் கடிதம் எழுதினார். ஆய்வகத்தின் இயக்குநர் அதை அனுப்பவே விடவில்லை. பிறகு பார்த்தால், லேசர் பிரகாசமாக இருப்பதாகக் காட்டிய கருவிகளில், அந்தப் பிரகாசத்தின் ஒரு பங்கு கருவியே விட்ட வெளிச்சம். உட்ரஃப் 1985-ல் பதவியை விட்டார். அவருக்கு ஜன்னல் இல்லாத ஒரு குட்டி அறை ஒதுக்கினார்கள். ரஷ்யாவில் அரசை எதிர்த்த விஞ்ஞானி சகாரவை ஒதுக்கி வைத்த ஊரின் பெயரால், சக ஊழியர்கள் அந்த அறையை ‘மேற்கு கார்க்கி’ என்று அழைத்தார்கள்.

1985 ஜூன் மாத ஸ்டார் வார்ஸ் சோதனைக் கூத்து இன்னும் அருமை. டிஸ்கவரி விண்கலத்தின் ஜன்னலில் ஒரு கண்ணாடி. ஹவாய் மலை உச்சியிலிருந்து அதன்மீது லேசரை அடிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் மலையின் உயரத்தைப் போட்டார்கள், சுமார் 10,000. அடியில். கம்ப்யூட்டர் அதைக் கடல் மைல் என்று எடுத்துக்கொண்டது. 10,000 கடல் மைல் உயரத்தில் ஒரு மலையா, சரி, பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று விண்கலம் பணிவாகத் திரும்பி, கண்ணாடியை விண்வெளிப் பக்கம் காட்டிக்கொண்டு நின்றது. இரண்டு நாள் கழித்து ஒழுங்காகச் செய்து முடித்தார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் அலகு போடாததற்கு அரை மார்க் வெட்டும் எட்டாம் வகுப்பு அறிவியல் டீச்சர் அன்றைக்கு ஹவாயில் இருந்திருந்தால், அந்த முதல் தடவை வீணாகியிருக்காது.

மறு வருஷம் ஐஸ்லாந்தில் ரீகனும் ரஷ்யத் தலைவர் கோர்பசேவும் சந்தித்தார்கள். கண்டுபிடித்ததும் உங்களுக்கும் பங்கு தருகிறோம் என்றார் ரீகன், நிஜமான அன்போடு. பால் பண்ணை இயந்திரத்தைக்கூடக் கொடுக்க மறுக்கிறவர்கள் இதைக் கொடுப்பீர்களாக்கும் என்றார் கோர்பசேவ். அணு ஆயுதமே இல்லாத உலகம் அன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இன்னும் பிறக்காத ஒரு ஆயுதத்தை ஆய்வகத்துக்குள் வைப்பதா வெளியே விடுவதா என்ற தகராறில் பேச்சு முறிந்தது.

டீச்சர்கள் பக்கம்? அங்கே விடை ஜப்பானிலிருந்து வந்தது. 1999-ல் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வகுப்பறை வீடியோக்களை வைத்து ஒரு புத்தகம் எழுதினார்கள். ஜப்பான் பிள்ளைகள் கணக்கில் கெட்டி. ஏன் தெரியுமா, அங்கே வாத்தியார்கள் கூட்டாகப் படிக்கிறார்கள் என்றார்கள்.

நாலைந்து டீச்சர்கள் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒன்றாம் வகுப்புக் கழித்தல் என்று வையுங்கள். 12-லிருந்து 7 போகச் சொல்லலாமா, 15-லிருந்து 8 போகச் சொல்லலாமா? எதில் பிள்ளை விரலை மடக்கும், எதில் பத்தைப் பிரிக்க யோசிக்கும்? இதற்கே ஒரு மாலை முழுக்க வாக்குவாதம் நடக்கும். கரும்பலகையில் எது எந்த மூலையில் வர வேண்டும் என்பது வரை முடிவு செய்வார்கள். பிறகு ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் சுவரோரம் நிற்பார்கள். யாரும் நடத்துகிறவரைப் பார்ப்பதில்லை, பிள்ளைகளின் நோட்டை எட்டிப் பார்ப்பார்கள். மூன்றாவது வரிசைப் பெண் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள் என்று குறித்துக்கொள்வார்கள். சாயங்காலம் கூடி, நம் பாடம் எங்கே சறுக்கியது என்று பேசுவார்கள். ‘உன் பாடம்’ என்று எவரும் சொல்வதில்லை. திருத்தம் சொன்ன ஆளுக்கு ஜன்னல் இல்லாத அறை ஒதுக்குவதும் இல்லை.

அடடா, என்னே கிழக்கின் ஞானம் என்று அமெரிக்கா உருகியது. கொஞ்சம் பொறுங்கள். 1872-ல் டோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தபோது, வகுப்பில் எப்படிப் பாடம் எடுப்பது என்று காட்ட ஜப்பானியர்கள் ஒரு வெள்ளைக்காரரை அழைத்தார்கள். மேரியன் ஸ்காட் என்ற அமெரிக்கர். அவர் நடத்தினார், இவர்கள் பார்த்தார்கள், குறிப்பெடுத்தார்கள். பார்ப்பதை விடவே இல்லை!

நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் ஒரு அரசுப் பள்ளி, ஜப்பானிய ஆசிரியர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்த்தது. ஆர்வமுள்ள வேறு சில பள்ளிகளும் இறங்கின. முட்டைகள் மெல்ல மெல்லக் குழியை விட்டு வெளியே வந்தன. அந்த நேரம் பார்த்து மேலிடம் பரீட்சை அட்டவணையை வெளியிட்டது.

2002 ஜனவரி. இரண்டு கையெழுத்துகள், ஆறு நாள் இடைவெளி. 2-ம் தேதி பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டு, ஏவுகணைத் தடுப்புக்கு ஒரு தனி ஏஜென்சியை அமைத்து, மற்ற ஆயுதங்களுக்கு உள்ள வழக்கமான கொள்முதல் விதிகளிலிருந்து அதற்கு விலக்குக் கொடுத்தார். முதலில் நிறுத்துவோம், வேலை செய்கிறதா என்று போகப்போகப் பார்ப்போம். 8-ம் தேதி ஜனாதிபதி புஷ், ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வருஷா வருஷம் பரீட்சை; 2014-க்குள் நூற்றுக்கு நூறு சதவீதப் பிள்ளைகளும் தேற வேண்டும்; தேறாவிட்டால் கடைசியில் ஊழியர்களையே மாற்றலாம். எட்டு வயசுக் குழந்தைக்கு சென்டம் டார்கெட், ஏவுகணைக்கு ஆல் பாஸ்!

ஏவுகணை தன் பங்குக்குப் பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சு லட்சணங்கள் எல்லாவற்றையும் காட்டியது. 2004 டிசம்பரில் சோதனை. மென்பொருள் கோளாறு, குழியை விட்டே கிளம்பவில்லை. 2005 பிப்ரவரி 14-ல் மறுபடி. இப்போது குழிக்குள் தாங்கிப் பிடித்திருந்த கை விலகவில்லை, மறுபடியும் கிளம்பவில்லை. காதலர் தினத்தன்று அணைத்த கையை எடுக்க மறுத்தால் யார் என்ன செய்ய முடியும்? ஒவ்வொரு சோதனைக்கும் செலவு சுமார் 8.5 கோடி டாலர். அதற்குள் அலாஸ்காவில் நிஜமான குழிகளில் நிஜமான ஏவுகணைகளை இறக்கியாகிவிட்டது.

பிட் அடித்த கதையும் உண்டு. 2001 ஜூலையில் வெற்றிகரமாக நடந்த சோதனையில், அடிபட வேண்டிய இலக்கிலேயே ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சிக்னல் கொடுக்கும் கருவி வைத்திருந்தார்கள். தேவையான ரேடார் இன்னும் கட்டவில்லை, அதனால்தான் என்றார்கள், வாஸ்தவம்தான். அட்லான்டா பள்ளிகளிலும் பிட் விவகாரம் வெடித்தது. பிள்ளைகளின் தப்பு விடைகளை அழித்துச் சரியாக எழுதியவர்கள், வேலை போய்விடும் என்ற பயத்திலிருந்த டீச்சர்களும் அதிகாரிகளும். அவர்கள் செய்தது தப்பேதான். 2015 ஏப்ரலில் 11 பேருக்குத் தண்டனைத் தீர்ப்பு. மாஃபியா கும்பல்களைப் பிடிக்கக் கொண்டுவந்த சட்ட வகையின் கீழ்.

2014 வந்தது. நூறு சதவீதத்தை எந்த மாநிலமும் எட்டவில்லை. அதே வருஷம் ஜூன் வரை ஏவுகணைத் தடுப்பின் ஸ்கோர், 17 முயற்சியில் 9. ஐம்பத்து மூன்று சதவீதம். அதுவும் எப்போது வரும், எங்கிருந்து வரும் என்று பெரும்பாலும் தெரிந்துவைத்துக்கொண்டு எழுதிய பரீட்சை. நம்ம ஊரில் 35 எடுத்தாலே பாஸ் என்பதால் நாம் வாய் திறக்க முடியாது.

கடைசியாக 2025. மே 20-ம் தேதி ஜனாதிபதி ட்ரம்ப் ‘கோல்டன் டோம்’ திட்டத்தை அறிவித்தார். மொத்தச் செலவு 17,500 கோடி டாலர், சுமார் மூன்று வருஷத்தில் ரெடி, வெற்றி விகிதம் கிட்டத்தட்ட நூறு சதவீதம். இந்த நூறு என்ற எண்ணுக்கு மட்டும் அந்த ஊரில் வயசே ஆவதில்லை.

ஜூலை 1-ம் தேதி மாநிலங்களுக்குப் போக வேண்டிய கல்விப் பணத்தில் ஒரு பகுதியை, சரிபார்க்க வேண்டும் என்று வாஷிங்டன் நிறுத்தி வைத்தது. அதில் சுமார் 220 கோடி டாலர், டீச்சர்களின் பயிற்சிக்கும் அவர்கள் கூடிக் கற்பதற்கும் உரிய நிதி. மூன்று வாரத்துக்கு மேல் தலைமை ஆசிரியர்களை விரல் கடிக்க வைத்துவிட்டு, மாதக் கடைசியில் விடுவித்தார்கள். அந்த ஜூலை 4-ம் தேதி, நிதி நிறுத்தி மூன்றே நாளில், ட்ரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தில் டோமுக்கு முதல் தவணையாகச் சுமார் 2,500 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது.